நோய் வராத வயலில் எல்லா நெல்லும் வீரன்தான்: இராமநாதபுரம் கடலோரத்தில் விதைத் தொகுப்பை மதிப்பிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மரபு நெல் சேகரிப்பவர்களிடம் பேச ஆரம்பித்தால் சற்று நேரத்தில் ஒரு வாக்கியம் வந்துவிடும்: "இந்த நெல்லுக்கு நோயே வராது." நொறுங்கனுக்குச் சொல்வார்கள், சித்திரைக்காருக்குச் சொல்வார்கள், குழியடிச்சானுக்கும் பூங்காருக்கும் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு அந்த ஊர்ப்பக்கம் நோயே எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். விதைத்தவர் யூரியா போடாததால் பயிர் தப்பியிருக்கலாம். மார்கழிப் பனி இறங்குவதற்குள் கதிர் முற்றி அறுவடைக்கு வந்திருக்கலாம். நோயைத் தாங்கி நிற்பது வேறு, நோய்க்கு அகப்படாமல் தப்புவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலப் பச்சையாகத்தான் இருக்கும். இவற்றைப் பிரித்துக் காட்டும் வேலைதான் மதிப்பீடு.

இதைப் பெரிய அளவில் செய்தவர்கள் கோதுமைக்காரர்கள். இந்தியாவின் தேசிய மரபணு வங்கியில் இருந்த 19,460 கோதுமை மாதிரிகளைத் துரு நோய்களுக்கும் இலைக்கருகலுக்கும் எதிராகச் சோதித்த முடிவு 2016இல் வெளியானது. அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களைக் கவனியுங்கள்: நீலகிரியின் வெலிங்டன், பஞ்சாபின் குர்தாஸ்பூர், மேற்கு வங்கத்தின் கூச் பிஹார். நல்ல கோதுமை விளையும் மண் என்பதற்காக வெலிங்டனுக்கு யாரும் போகவில்லை. அந்த மலைக் குளிரில் துருப் பூஞ்சை ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கிறது என்பதற்காகப் போனார்கள். கூச் பிஹாருக்குப் போனது அங்குள்ள புழுக்கத்தில் இலைக்கருகல் தவறாமல் வரும் என்பதற்காக. நோய் எங்கே நிச்சயம் வருமோ அங்கே விதையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் கோதுமை இல்லை, துருவும் இல்லை. நெல் இருக்கிறது, உவர் இருக்கிறது, ஐப்பசி மழையை நம்பி நடக்கும் புழுதி விதைப்பு இருக்கிறது. முறை மட்டும் மாறாது. நாற்பது வகை விதையும் நான்கைந்து சென்ட் நிலமும் ஒரு நோட்டும் கையில் இருந்தால் யாரும் தொடங்கலாம்.

எதற்கு எதிரான சோதனை?

"நோய் எதிர்ப்பு" என்று பொதுவாக எதையும் சோதிக்க முடியாது. குலை நோயைத் தாங்கும் நெல் பாக்டீரியா இலைக்கருகலில் சாயலாம், இரண்டையும் தாங்கியது தண்டுத் துளைப்பானுக்கு இரையாகலாம். எனவே முதல் வேலை பட்டியலைச் சுருக்குவது.

நம் பக்கத்து மானாவாரி வயலுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு நோய், இரண்டு பூச்சி. நோய்களில் முதலாவது செம்புள்ளி நோய். சத்துக் குறைந்த மண்ணிலும் ஈரம் வற்றிப் பயிர் வாடும்போதும் இது தலையெடுக்கும். இந்த இரண்டுக்கும் நம் மாவட்டத்தில் பஞ்சம் கிடையாது. இரண்டாவது குலை நோய். இதற்கு இரவுக் குளிரும் இலையில் நெடுநேரம் தங்கும் பனி ஈரமும் வேண்டும், மார்கழியும் தையும் அதைக் கொடுத்துவிடும். பூச்சிகளில் தண்டுத் துளைப்பானும் இலைச்சுருட்டுப் புழுவும். தூரில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானை முதல் ஆண்டில் தொடாதீர்கள். அது பெருகித் தாக்கத் தண்ணீர் நிற்கும் அடர்த்தியான வயல் வேண்டும். அதற்கான சோதனையை ஆராய்ச்சி நிலையங்களில் கூண்டில் பூச்சி வளர்த்து, தட்டில் முளைத்த நாற்றுகளின் மேல் விட்டுச் செய்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் நடக்கிற காரியம் அல்ல அது.

பாக்டீரியா இலைக்கருகலுக்குக் கத்தரிக்கோலை நுண்ணுயிர்க் கரைசலில் நனைத்து இலை நுனியை வெட்டி, பதினான்கு நாள் கழித்துக் கருகலின் நீளத்தை அளக்கும் முறை இருக்கிறது. அதையும் நோயியல் தெரிந்தவர் துணையோடுதான் செய்ய வேண்டும். பரமக்குடியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் இராமநாதபுரத்தில் அதே பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. விதைப்பதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருவது நல்லது. நோய் வந்த பிறகு இலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட அது மேல்.

விதையைத் தயார் செய்தல்

ஒவ்வொரு வகையிலும் கால் கிலோ கேளுங்கள். அதில் பாதியை உடனே தனியே எடுத்துக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் அடைத்து வையுங்கள். கையில் இருக்கும் விதை முழுவதையும் விதைத்துவிடுவது இந்தத் துறையில் மன்னிக்க முடியாத காரியம். ஐப்பசி பொய்த்தால் நிலத்தில் போட்டது போனதுதான், அந்த விதை அந்த ஊரில் கடைசிப் படியாகவும் இருந்திருக்கலாம். கடற்காற்றில் நெல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்துப்பூச்சிக்கு அது வசதி. வெயிலில் நன்றாகக் காயவைத்து, பல்லில் கடித்தால் "டக்" என்று உடைகிற பதத்தில் அடையுங்கள். ஈரமானி கிடைத்தால் 12 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதை கொடுத்தவரிடம் பெயரோடு நிறுத்தாமல் விவரமும் கேட்டு எழுத வேண்டும்: எந்த ஊர், எந்தக் கண்மாய்ப் பாசனம் அல்லது மானாவாரி, எத்தனை நாள் வயது, எத்தனை ஆண்டாக அவரிடம் இருக்கிறது, அவர் யாரிடம் வாங்கினார். ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு வேறு நெல் இருக்கும், ஒரே நெல் இரண்டு பெயரில் உலவும். கமுதியில் வாங்கிய பூங்காரும் திருவாடானையில் வாங்கிய பூங்காரும் ஒன்று என்று நினைத்துக் கலந்துவிடாதீர்கள். தனித்தனி எண் கொடுங்கள்.

அடுத்து முளைப்புச் சோதனை. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து ஐந்தாம் நாளும் பதினான்காம் நாளும் எண்ணுங்கள். நூற்றுக்கு அறுபதுகூட முளைக்காத வகையை இந்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்காமல் விதைப் பெருக்கத்துக்கு மட்டும் விடுவது என் வழக்கம். பயிர் அடர்த்தி குறைந்த வரிசையில் காற்று புகுந்து பனி சீக்கிரம் உலரும், நோய் குறையும். முளைப்புக் குறைந்ததற்குக் கிடைத்த பரிசை எதிர்ப்புச் சக்தி என்று கணக்கில் எழுதிவிடுவோம்.

பதர் நீக்க உப்புக் கரைசலில் போட்டு எடுப்பது வழக்கம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பு, முட்டை மிதக்கும் பதம். மாரியூரும் வாலிநோக்கமும் இருக்கிற மாவட்டத்தில் உப்புக்கு அலைய வேண்டியதில்லை. போட்டால் எல்லா வகைக்கும் போடுங்கள், எடுத்தவுடன் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிடுங்கள். பூஞ்சைக்கொல்லி விதைநேர்த்தி மட்டும் வேண்டவே வேண்டாம். எந்த நோயைப் பார்க்கப் போகிறோமோ அதற்கு முதல் நாளே மருந்து கொடுத்துவிட்டு எதைப் பார்ப்பது?

ஒப்பீட்டு ரகம்: இது இல்லாமல் மதிப்பீடு இல்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

உங்கள் வயலில் நோய் வந்ததா, போதுமான அளவு வந்ததா, வயல் முழுக்கப் பரவியதா என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி, நோய்க்கு எளிதில் விழும் ரகம். அது கருகி நிற்கும்போது பக்கத்து வரிசை பச்சையாக நின்றால்தான் அந்தப் பச்சைக்கு மதிப்பு. அதுவே பச்சையாக நின்றுவிட்டால் அந்த ஆண்டு உங்கள் வயலில் தேர்வே நடக்கவில்லை. வினாத்தாள் கொடுக்காமல் எல்லாரையும் தேறியதாக அறிவித்தது போலாகிவிடும்.

கோயம்புத்தூரில் உருவான கோ 39 என்ற குறுகிய கால ரகம் குலை நோய்க்கு அவ்வளவு எளிதில் விழும். அந்தக் குறையினாலேயே அது உலகெங்கும் குலை நோய் ஆராய்ச்சியில் சாட்சி ரகமாக நிற்கிறது. தண்டுத் துளைப்பான், புகையான் போன்றவற்றுக்கு டி.என்.1 என்ற தைவான் ரகத்தை வைப்பார்கள். இவற்றின் விதை கடையில் கிடைக்காது, ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் பி.பி.டி. 5204 போதும். ஆந்திரா பொன்னி, டீலக்ஸ் பொன்னி என்று விதைக்கடையில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். குலை நோய்க்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் அது தலைசாய்க்கும் என்பது சம்பா போடுகிற எல்லாருக்கும் தெரியும். அதே பி.பி.டி. 5204இல் இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்களைச் சேர்த்து 2008இல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியும் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விதையுங்கள். இலைக்கருகல் எப்படி இருக்கும், தாங்குவது எப்படி இருக்கும் என்று புதியவர் கண்ணுக்குப் பழக இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

தாங்கும் பக்கத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும். தண்டுத் துளைப்பானுக்கு டி.கே.எம். 6. திரூர்க்குப்பத்தில் உருவான நம்மூர் ரகம்தான். பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதைப் பெற்றோராக வைத்துத்தான் 1969இல் வெளியான ஐ.ஆர்.20ஐ உருவாக்கியது. குலை நோய்க்குத் தாங்கும் சாட்சி டெடெப் என்ற வியட்நாம் நெல். இவை எதுவும் கிடைக்காவிட்டாலும் பரமக்குடியில் 2009இல் வெளியான அண்ணா 4ஐ உள்ளூர் அளவுகோலாகச் சேருங்கள். நம் மானாவாரிக்கென்றே வந்த குறுகிய கால ரகம் அது. நீங்கள் கண்டுபிடிக்கும் எந்த நெல்லையும் விவசாயி அதோடுதான் ஒப்பிட்டுக் கேட்பார்.

வயலும் வரிசையும்

உங்கள் நிலத்தில் உவர் எங்கே பூக்கிறது என்று வெயில் காலத்திலேயே பார்த்து வையுங்கள். வெள்ளையாகப் பொரிந்து நிற்கும் திட்டுகளைத் தவிருங்கள். மண் பரிசோதனையில் மின்கடத்தும் திறன் 4 (dS/m அலகில்) என்ற அளவைத் தாண்டினால் அது உவர் நிலம், நெல்லுக்கு 3ஐத் தாண்டும்போதே விளைச்சல் அடிவாங்கத் தொடங்கும். நோயைச் சோதிக்கும் வயலில் உப்பும் சேர்ந்து சோதித்தால் எது எதன் வேலை என்று பிரிக்க முடியாது. உப்பைத் தாங்கும் வகை எது என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனி வயல்.

ஒரு வகைக்கு 3 மீட்டர் நீளத்தில் இரண்டு வரிசை, வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர். வரிசைக்கு 5 கிராம் விதை போதும். பத்து வகைக்கு ஒருமுறை நோய்க்கு விழும் சாட்சி ரகம் இரண்டு வரிசை வர வேண்டும். முழுத் தொகுப்பையும் இரண்டு இடத்தில், அதாவது இரண்டு பாத்தித் தொகுதியாகப் போட வேண்டும். வயலில் மடைப்பக்கம் ஒன்றும் கடைக்கோடியில் ஒன்றுமாக அமைந்தால் இன்னும் நல்லது. வரிசை முறையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், இரண்டாம் தொகுதிக்கு மறுபடியும் குலுக்குங்கள். நல்லது என்று நீங்கள் நம்பும் வகையை வரப்போரமாக, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போடக் கை துறுதுறுக்கும். குலுக்கல் அதைத் தடுக்கும்.

வயலில் நடும் குச்சியில் எண் மட்டும் இருக்கட்டும், பெயர் வேண்டாம். மாப்பிள்ளைச் சம்பா என்று எழுதியிருந்தால் பார்க்கிறவர் அறியாமலே ஒரு மதிப்பெண் சலுகை கொடுத்துவிடுவார். பெயர்ப் பட்டியல் வீட்டு நோட்டில் இருக்கட்டும்.

ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுவுக்குள் புழுதியில் விதைத்துவிடலாம். பயிரின் வயதை விதைத்த நாளிலிருந்து கணக்கிடாதீர்கள். மண் நனையும்படி மழை விழுந்து முளை தெரிந்த நாள்தான் முதல் நாள். இதை நோட்டில் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதில்தான் நிற்கிறது.

இந்த வயலில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்கக் கூடாது, வேப்பெண்ணெய் உட்பட. பக்கத்து வயல்காரர் அடிக்கும் மருந்து காற்றில் வரும். கொண்டல் அடிக்கும் காலம், கிழக்கிலுள்ள வயலில் யார், என்ன அடிக்கிறார் என்று பேசி வைத்துக்கொள்வது உறவுக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது.

நோயை வரவழைக்கும் பாத்தி

குலை நோய்க்குத் தனிப் பாத்தி போடுங்கள். பெரிய வயலில் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஓர் ஆண்டு வரும், ஓர் ஆண்டு வராது.

கார்த்திகைத் தொடக்கத்தில் விதைத்தால் பயிர் இருபத்தைந்து நாள் வயதில் மார்கழிப் பனியைச் சந்திக்கும். மேட்டுப்பாத்தி அமைத்து 50 சென்டிமீட்டர் நீள வரிசைகள், இடைவெளி 10 சென்டிமீட்டர், ஒரு வகைக்கு ஒரு வரிசை. பாத்தியின் நான்கு ஓரத்திலும் நோய்க்கு விழும் ரகத்தை இரண்டு வரிசை சுற்றி விதையுங்கள். இவை பத்து நாள் முன்பே விதைக்கப்பட்டால் நோய் முதலில் அவற்றில் ஏறி, பிறகு உள்ளே இறங்கும். வழக்கத்தைவிட யூரியாவைக் கூடுதலாகப் போடுங்கள், தழைச்சத்து மிகுந்த இலையைக் குலை நோய் விரும்பும். இந்தக் கூடுதல் யூரியா பாத்தியோடு நிற்கட்டும். பெரிய வயலில் போட்டால் உயரமான மரபு நெல் எல்லாம் சாய்ந்துவிடும்.

சுற்று வட்டாரத்தில் குலை நோய் தெரிந்த வயலிலிருந்து, உடையவரிடம் கேட்டு, நோயுற்ற இலைகளைப் பறித்து வந்து நறுக்கி ஓர வரிசைகளின் மேல் தூவுங்கள். உள்ளூர் இலைதான் வேண்டும். தஞ்சாவூரில் நோய் நன்றாக வந்திருக்கிறது என்று அங்கிருந்து கட்டிக்கொண்டு வருவது கூடவே கூடாது. நம் வயலில் இல்லாத நோய் வகையை நாமே குடியேற்றினவர்களாவோம். பாத்தியும் பக்கத்து நெல் வயலிலிருந்து தள்ளி, வீட்டுக் கொல்லை போன்ற இடத்தில் இருக்கட்டும்.

மாலையில் தண்ணீர் தெளித்து, மூங்கில் வளைவின் மேல் பாலித்தீன் தாளால் இரவு மூடி, காலையில் திறந்துவிட வேண்டும். தெளிக்கும் தண்ணீர் முக்கியம். கடலோர ஊர்களில் பல ஆழ்குழாய்களில் உப்பு நீர்தான் வரும், அதை இலைமேல் தெளித்தால் இரண்டு நாளில் நுனி வெந்துபோகும். ஊருணித் தண்ணீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

மதிப்பெண் போடுதல்

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வகுத்த 0 முதல் 9 வரையிலான அளவுகோலை நெல் ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். இதில் 0 நல்லது, 9 மோசம். பள்ளிக்கூடப் பழக்கத்தில் 9ஐப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள்.

இலைக் குலை நோய்க்கு அந்த அளவுகோல் இப்படிப் போகும். புள்ளியே இல்லையென்றால் 0. ஊசி முனை அளவுப் பழுப்புப் புள்ளி மட்டும் இருந்தால் 1. ஒன்று இரண்டு மில்லிமீட்டரில் பழுப்பு விளிம்போடு வட்டமான சாம்பல் புள்ளி என்றால் 2, அதே வகைப் புள்ளி மேல் இலைகளிலும் நிறைய இருந்தால் 3. இதுவரை பயிர் நோயை அடக்கி வைத்திருக்கிறது என்று பொருள். 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு, இரு முனையும் கூம்பி நடுவில் சாம்பல் படர்ந்த கண் வடிவப் புள்ளி தெரிந்துவிட்டால் 4. அதன்பிறகு இலைப்பரப்பில் எவ்வளவு போயிற்று என்பதே கணக்கு: 4 முதல் 10 சதவீதம் என்றால் 5, 25 வரை 6, 50 வரை 7, 75 வரை 8, அதற்கு மேல் 9. கவனித்துப் பாருங்கள், 3க்கும் 4க்கும் இடையில் மாறுவது புள்ளியின் அளவு மட்டுமல்ல, அதன் குணமும்தான். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கையில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பி.பி.டி. 5204 வரிசையில் முதலில் கண்ணைப் பழக்குங்கள்.

செம்புள்ளிக்குப் பரப்பளவுதான் கணக்கு. 1 சதவீதத்துக்குக் குறைவு என்றால் 1, 10 சதவீதத்தை எட்டும்போது 4, 25ஐ எட்டும்போது 6, பாதி இலை போனால் 7. எள் போன்ற நீள்வட்டப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம்.

இரண்டு பேர் தனித்தனியாகப் போய் மதிப்பெண் போடுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி சேர்ந்து பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை, காலை வெயில் ஏறுவதற்குள். ஒரே ஒரு நாள் பார்த்தது போதாது. ஒரு வகை முதல் வாரமே 4க்குப் போய் அங்கேயே நிற்கும், இன்னொன்று வாரத்துக்கு வாரம் ஏறி 8ஐத் தொடும். மெதுவாக நோய் ஏறும் வகைகளை ஒதுக்கிவிடாதீர்கள். ஒற்றை மரபணுவால் முழுவதுமாகத் தடுக்கும் வகை, பூஞ்சை ஒருமுறை உருமாறினால் ஒரே ஆண்டில் விழக்கூடும். மெதுவாக இழுத்துப் பிடிப்பவை பெரும்பாலும் நெடுநாள் நிற்கும்.

கதிர் வந்த பிறகு கழுத்துக் குலையை, அதாவது கதிரின் காம்பில் வரும் குலை நோயை, தனியாகப் பார்க்க வேண்டும். இலையில் தாங்கிய வகை கழுத்தில் ஒடிவது உண்டு. விவசாயியின் களத்துக்குக் குறைவது கழுத்து ஒடிந்த நெல்தான்.

பூச்சிக் கணக்கு

தண்டுத் துளைப்பானுக்கு வரிசையில் ஒரு மீட்டர் அளந்து, மொத்தத் தூர்களையும் நடுக்குருத்து காய்ந்த தூர்களையும் எண்ணுங்கள். முளைத்து 30ஆம் நாளும் 50ஆம் நாளும் போதும். காய்ந்த குருத்து 10 சதவீதம் வரை 1, 20 வரை 3, 30 வரை 5, 60 வரை 7, அதற்கு மேல் 9. அறுவடைக்கு முன் வெண்கதிரை, அதாவது துளைப்பான் தின்றதால் மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும் கதிரை, எண்ண வேண்டும், அதற்கு அளவு இன்னும் கடுமை: 5 சதவீதம் வரை 1, 25ஐத் தாண்டினாலே 9.

இலைச்சுருட்டுப் புழுவுக்குப் பத்துச் செடியில் சுரண்டி வெளுத்த இலைகளை எண்ணி, சாட்சி ரகத்தோடு ஒப்பிட்டால் போதும். இளம்பயிரில் இலைப்பேன் இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்கையை நனைத்துப் பயிரின் மேல் தடவுங்கள், கறுப்புத் துணுக்குகளாக ஒட்டிக்கொண்டு ஊரும். வறட்சி நீளும் புரட்டாசியில் இது அதிகம்.

வயது வேறுபாடு பூச்சிக் கணக்கைக் குழப்பும். 90 நாள் நெல் தனியாகப் பால் பிடித்து நிற்கும்போது ஊரில் உள்ள கதிர்நாவாய்ப் பூச்சி முழுவதும் அதன்மேல் வந்து உட்காரும். 130 நாள் நெல் பால் பிடிக்கும்போது சுற்றிலும் பிற வயல்களும் பால் பிடித்திருக்கும், பூச்சி பங்கு பிரிந்துவிடும். எனவே குறுகிய கால நெல்லைக் குறுகிய காலத்தோடும் நெடுங்கால நெல்லை நெடுங்காலத்தோடும் மட்டும் ஒப்பிடுங்கள். முன்பே முற்றும் வரிசைகளுக்கு வலை கட்டாவிட்டால் மயில் முடித்துவிடும். மயிலுக்கு எதிர்ப்புச் சக்தி உள்ள நெல் இன்னும் அகப்படவில்லை.

ஏமாற்றும் அறிகுறிகள்

கடலோரத்தில் மதிப்பெண் போடுகிறவரை ஏமாற்றுவதில் உப்புக்குத்தான் முதலிடம். உப்பால் இலை நுனி வெளுத்துக் கருகும், பாக்டீரியா இலைக்கருகலும் நுனியிலிருந்துதான் இறங்கும். சந்தேகம் வந்தால் கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நிறுத்தி வைத்துச் சில நிமிடம் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியா. தண்ணீர் தெளிவாகவே இருந்தால் உப்பின் மேல் சந்தேகப்படலாம். பார்வையிலும் ஒரு வேறுபாடு உண்டு: இலைக்கருகல் ஓரத்தில் அலையலையாக நெளிந்து இறங்கும்.

துத்தநாகக் குறைபாட்டில் வரும் துருநிறத் திட்டு செம்புள்ளி போலத் தெரியும். ஆனால் அதில் தெளிவான வட்டமோ நடுவில் சாம்பல் நிறமோ இருக்காது. உவரும் களரும் உள்ள நிலத்தில் துத்தநாகம் பயிருக்கு எட்டாமல் போவது சகஜம். நடுக்குருத்து காய்ந்திருந்தால் இழுத்துப் பாருங்கள். துளைப்பான் தின்றது என்றால் கையோடு வந்துவிடும், அடியில் கடித்த தடம் தெரியும். வராமல் பிடித்துக்கொண்டால் வேறு காரணம் தேட வேண்டும்.

முடிவெடுத்தல்

முதலில் சாட்சி ரகத்தின் மதிப்பெண்ணைப் பாருங்கள். எல்லாச் சாட்சி வரிசைகளும் 7ஐத் தொட்டிருந்தால் மேலே போகலாம். தொடவில்லை என்றால் அந்த நோய்க்கான அந்த ஆண்டுக் கணக்கை மூடிவிடுங்கள். மனம் ஒப்பாது, மூன்று மாதம் பாடுபட்டிருப்பீர்கள். இருந்தாலும் மூடத்தான் வேண்டும். ஒரு தொகுதியில் தொட்டு மற்றதில் தொடவில்லை என்றால் தொட்ட தொகுதி மட்டும் கணக்கில் வரும்.

ஒரு வகைக்கு இரண்டு தொகுதியிலும் வேறு வேறு மதிப்பெண் வந்தால் சராசரி போடாதீர்கள், மோசமானதை எடுங்கள். ஓரிடத்தில் 1, ஓரிடத்தில் 7 என்று வந்த நெல் 4 அல்ல. அது 7 வாங்கிய நெல், 1 வாங்கிய இடத்தில் தப்பியிருக்கிறது.

ஒரே வகையின் வரிசைக்குள் சில செடி கருகி, சில செடி சுத்தமாக நிற்பதும் நடக்கும். மரபு நெல் கலவையாக இருப்பது இயல்பு. சுத்தமாக நிற்கும் செடிகளுக்கு நூல் கட்டி, தனியாக அறுத்து, புது எண் கொடுத்து அடுத்த ஆண்டு தனி வரிசையாகப் போடுங்கள். பல நேரம் தொகுப்பின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது.

நாற்பதில் இரண்டு மூன்று தேறினாலே நல்ல அறுவடை. புல்வகைக் குட்டை நச்சுயிரி நோய்க்கு எதிர்ப்புத் தேடிப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபோது, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரிதான் தாங்கியது. ஐ.ஆர்.36 போன்ற ரகங்களுக்கு அந்த எதிர்ப்புச் சக்தி அதிலிருந்துதான் வந்தது. நோய்க்கு விழுந்த வகைகளையும் வீசிவிடாதீர்கள். இன்று செம்புள்ளிக்கு விழுந்தது நாளை உப்புக்கோ வறட்சிக்கோ உதவலாம்.

தேறியவற்றை இரண்டாம் ஆண்டு வேறு ஊரில் ஒருமுறை பாருங்கள். முதல் ஆண்டு தொண்டிப் பக்கம் என்றால் இரண்டாவது முதுகுளத்தூர்ப் பக்கம், மண்ணும் ஈரமும் வேறாக இருக்கும்படி. இரண்டு ஆண்டும் 3க்குள் நின்றதை "தாங்குகிறது" என்று வெளியே சொல்லலாம். அப்போதும் எந்த நோய்க்கு, எந்த ஊரில், எந்த ஆண்டு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவை முதலில் விதை கொடுத்த விவசாயியிடம் சொல்லுங்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி உழவர்கள் தங்கள் ரகத்தைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ள முடியும். உங்கள் நோட்டில் உள்ள வயது, உயரம், நோய்க் கணக்கு ஆகியவை அதற்கு உதவும். அவரைக் கேட்காமல் அந்த விதையை வெளியாருக்குக் கொடுக்காதீர்கள். அவர் சம்மதித்தால் கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கியில் ஒரு மாதிரியைச் சேமிக்கக் கேட்கலாம். உறையின் மேல் எண், பெயர், ஊர், கொடுத்தவர் சொன்ன வயது, அறுவடை ஆண்டு, சாட்சி ரகம் வாங்கிய மதிப்பெண், இந்த நெல் வாங்கிய மதிப்பெண் என்ற ஏழு விவரங்களையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.